விளாவி வைத்த தண்ணீர்

செப்டம்பர் 8, வெள்ளி. சிங்கப்பூர்.

பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்காரரைப் பற்றித் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். காலையில் இட்லி இரண்டு, காபி அரை டம்ளர். நடை: கட்டிலிலிருந்து கதவு வரை, நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு. பேச்சு: அதே ஒரு வார்த்தை.

மத்தியானம் கப்பல் ஏறினோம். போன வருஷம் இவரே ஆசைப்பட்டுப் பதிவு செய்த பயணம். தை மாதம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பணம் திரும்பாது, தேதியை வேண்டுமானால் தள்ளிப்போடலாம் என்றார்கள். தள்ளித் தள்ளி இப்போது வந்திருக்கிறோம். தனியாக இவரைக் கூட்டிக்கொண்டு போகாதே என்று மகன் நவநீதன் எவ்வளவோ சொன்னான். சிங்கப்பூரில் அவன் வீட்டிலிருந்து துறைமுகம் வருகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான். கோயமுத்தூரில் ஒரு முதியோர் பராமரிப்பு ஹோமில் இவரைச் சேர்க்க வேண்டும் என்பதில் வேறு பிடிவாதமாக இருக்கிறான். திரும்பி வந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேரை "கிளட்சை மிதி, மிதி, மிதின்னா!" என்று கத்தியே ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்தார். இப்போது மிஞ்சியிருப்பது "அப்புறம்" மட்டும். பசித்தாலும் அப்புறம், வேண்டாம் என்றாலும் அப்புறம். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. வலது கை, கால்களில் பலம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. உணர்வு திரும்பவில்லை. கிள்ளினாலும் தெரியாது. "குளிக்க வைக்கறப்ப உங்க கையை முதல்ல வெச்சுப் பாருங்க, சூடு அவருக்குத் தெரியாது" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அது சுலபம். பக்கெட்டில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் விளாவி வைத்துக்கொண்டு சொம்பில் மொண்டு ஊற்றிவிடுவேன். இங்கே பக்கெட் இல்லை, சொம்பு இல்லை. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்று கொடுத்த அறை. குளியலறையில் சுவரோடு மடக்கி வைக்கிற ஒரு இருக்கை, பிடித்துக்கொள்ள எஃகுக் கம்பி, மேலே ஷவர். சாயங்காலம் உட்கார வைத்துத் திறந்தேன். முதலில் நன்றாக இருந்தது. சோப்புப் போடும்போது திடீரென்று பச்சைத்தண்ணீர். குமிழைத் திருகலாமென்று போனால் அதற்குள் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஷவரைப் பிடுங்கிச் சுவர் பக்கம் திருப்பிவிட்டேன். அவர் மேல் படவில்லை. என் முழங்கை சிவந்துவிட்டது. சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவரை ஈரத்துண்டால் துடைத்துக் கூட்டி வந்தேன்.

நானும் முழுக்க நனைந்துவிட்டேன். அதுவே என் குளியலாகிவிட்டது. என்னைப் பற்றி யாரும் எழுதச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, சனி. கடல்.

ரொட்டி, முட்டை. மலம் சரியாகப் போயிற்று.

புகார் சொல்லியிருந்தேன். காலையில் குழாய் வேலைக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்தார். சட்டையில் சீனி முகமது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"எந்த ஊருங்க தம்பி?"

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தமிழா! பெரியபட்டினம்மா, ராமநாதபுரம் பக்கம். நீங்க?"

"பொள்ளாச்சிங்க."

"அய்யாவுக்கு மேலுக்குச் சொகமில்லையோ?"

"ஆமாங்க. வலது பக்கம்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஷவர் குமிழைக் கழற்றினார். உள்ளே இருந்த ஒரு உருளையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார். என்ன கோளாறு என்று கேட்டேன்.

"கப்பல்ல தண்ணி கடுஞ்சூடாத்தான்மா ஓடும். கிருமி வந்துரக்கூடாதுன்டு அப்பிடி வச்சிருக்காங்க. இங்கன ரூமுக்கு வந்துதான் பச்சைத்தண்ணி சேரும். சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி இருக்குற சனம் அம்புட்டும் ஒரே நேரத்துல குளிக்குதா, அப்ப கூடும், கொறையும். உள்ள இருக்கறது பழசாப் போச்சுன்டா சமாளிக்காது. மாத்திட்டேன்."

பிறகு குமிழில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். "திருகிக்கிட்டே வந்தா இந்த இடத்துல நின்டுரும். இதுதான் உடம்பு தாங்குற சூடு. இந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டுத் திருகுனாத்தான் மேல போகும். நீங்க அதத் தொடவே வேணாம்."

இவர் நாற்காலியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் வண்டியின் பானெட்டைத் திறந்தால் இப்படித்தான் பக்கத்தில் போய் நிற்பார். சீனி முகமது அதைக் கவனித்துவிட்டு, கழற்றிய பழைய உருளையை இவருடைய இடது கையில் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்றார் இவர்.

"அப்புறம் என்னங்கய்யா, நாளைக்குப் பினாங்கு. அம்புட்டுப் பேரும் எறங்கிருவாங்க. நீங்க காலையில பதினோரு மணிக்கா நிதானமாக் குளிங்க. கப்பல் தண்ணி பூராம் உங்களுக்குத்தான்."

இவர் தலையாட்டினார். யாராவது இவரிடம் நேராகப் பேசி எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 10, ஞாயிறு. பினாங்கு.

எல்லோரும் தொப்பியும் பையுமாக இறங்கிப் போனார்கள். நடைவழியில் ஓர் ஆள் இல்லை. பால்கனியிலிருந்து மலையும் உயரமான கட்டடங்களும் தெரிந்தன. இறங்கிப் பார்க்க எனக்கும் ஆசைதான். பரவாயில்லை.

பதினோரு மணிக்குக் குளிக்க வைத்தேன். முதலில் என் கை. பிறகு அவருடைய இடது தோள். தண்ணீர் ஒரே சீராக வந்தது. கூடவில்லை, குறையவில்லை. வீட்டில் பக்கெட் தண்ணீர் தீர்வதற்குள் முடிக்க வேண்டும், ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். இங்கே அந்த அவசரம் இல்லை. தலைக்கு ஊற்றினேன். முதுகு தேய்த்தேன். அந்த முதுகில் இடது பக்கம் ஒரு மச்சம். மறந்தே போயிருந்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குக் காட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, இடது கையில் தண்ணீரை ஏந்தி என் மேல் வீசினார். நான் "ஏனுங்க!" என்றேன். மறுபடியும் வீசினார். சிரித்தார். சத்தமாக. பக்கவாதத்துக்கு அப்புறம் அவர் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. ஆனால் சத்தம் மாறவில்லை.

சேலை நனைந்துவிட்டது. நனைந்தது நனைந்துவிட்டது என்று அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன்.

பிசியோதெரபி பெண்ணுக்கு: இன்று நடை கட்டிலிலிருந்து குளியலறை வரை, பிடிக்காமல் நான்கு அடி.

செப்டம்பர் 11, திங்கள். கடல்.

சூப், சோறு, தயிர். நடை நேற்றுப் போலத்தான். எழுத வேறொன்றும் இல்லை. அந்தச் சோப்பு வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 12, செவ்வாய். புக்கெட்.

இன்று சாப்பாடு, நடை எதையும் குறிக்கவில்லை.

மத்தியானம் இவருக்கு டிவியைப் போட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போனேன். கரை பக்கத்தில் இருந்தால் அங்கேதான் போன் எடுக்கும். நவநீதன் காலையிலிருந்து கூப்பிட்டிருக்கிறான்.

"அம்மா, ஹோம்ல ரூம் ஒதுக்கிட்டாங்க. வியாழக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

"நீ ரொம்ப அவசரப்படறே நவநீ. அப்பா இங்க நல்லா இருக்கறாரு. முந்தாநாள் சிரிச்சாரு."

"சந்தோசம்மா. ஆனா நான் எங்கம்மா அவசரப்படறேன்? மே மாசம் எனக்குப் போன் பண்ணி அழுதது யாரு? 'என்னால முடியலடா, எங்காச்சும் நல்ல எடமாப் பாரு'ன்னு சொன்னது யாரு? நீ கேட்டே, நான் பார்த்தேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் உன்னைக் குத்தம் சொல்லலைம்மா. எட்டு மாசமா நீ தூங்கலை, எனக்குத் தெரியும். ஆனா என்னைப் பிடிவாதக்காரனாக்கிட்டு நீ ஒதுங்கிக்காதே."

மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. ஓடி ஒதுங்க இடமிருந்தது. ஆனால் நான் மழையிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. நன்றாக நனைந்து, குளிரில் உடம்பு வெடவெடத்த பிறகுதான் கீழே இறங்கி வந்தேன்.

அறைக் கதவைத் திறந்ததும் தண்ணீர் சத்தம். குளியலறையிலிருந்து ஆவி புகைமாதிரி வந்துகொண்டிருந்தது.

ஊன்றுகோல் தரையில் கிடந்தது. இடது கையால் எஃகுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கையை நீட்டி ஷவருக்கு அடியில் பிடித்திருந்தார். அவர் குளிக்கவில்லை. சட்டை, வேட்டி எல்லாம் போட்டபடியே இருந்தது. மடக்கு இருக்கையின் மேல் என்னுடைய துண்டு, என்னுடைய நைட்டி, என் சோப்பு டப்பா.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம்" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கை பொறுக்காத சூட்டில்தான் குளிக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அடுப்பில் அண்டாவை ஏற்றி, பதம் பார்த்து விளாவி வைத்துவிட்டு, "அம்மணி, தண்ணி வெளாவியாச்சு, போ" என்பார். அதே குரல்.

கை முழங்கை வரைக்கும் சிவந்து கிடந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே நிற்கிறார்.

"ஐயோ, கையை எடுங்க! எடுங்க!" என்று கத்திக்கொண்டு இழுத்தேன். தண்ணீரைப் பச்சைத்தண்ணீர் பக்கம் திருப்பி அதிலேயே அந்தக் கையைப் பிடித்தேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார், யாருடைய கையையோ பார்க்கிறமாதிரி. கொப்புளம் எழும்பத் தொடங்கியதும்தான் அவருக்கு விளங்கியது. கம்பியை விட்டுவிட்டு இடது கையால் என் ஈரச்சேலையைக் காட்டினார், பால்கனிக்கு வெளியே பெய்த மழையைக் காட்டினார், ஷவரைக் காட்டினார். "அப்புறம், அப்புறம், அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விழாமல் இருக்க நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கப்பல் டாக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஆழமான காயம் இல்லை, ஆறிவிடும் என்றார். கட்டுப் போட்டுவிட்டார். பிறகு சீனி முகமது வந்து குமிழைச் சோதித்தார்.

"கோளாறு ஒன்டுமில்லம்மா. பொத்தானை அமுக்கித் திருகியிருக்காங்க." இவரைப் பார்த்தார், பிறகு நாற்காலியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நான் சொல்லிக்குடுத்தத ஒரே தடவையில புடிச்சுக்கிட்டீங்களேய்யா."

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 13, புதன். கடல்.

இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கோபமில்லை அது. டிரைவிங் ஸ்கூல் ஜீப்பை ஒருமுறை இவரே மரத்தில் மோதிவிட்டு வந்தபோது இரண்டு நாள் இப்படித்தான் கிடந்தார்.

மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். நாளைக் காலை இறங்க வேண்டும். எல்லாம் எடுத்து வைத்து முடித்த பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, நவநீ உங்களுக்கு ஒரு ஹோம் பார்த்திருக்கறான். அவனாப் பார்க்கலைங்க. நான்தான் பார்க்கச் சொன்னேன். என்னால முடியலைங்க. இந்தக் கப்பல்ல உங்களோட ஒரு வாரம் இருந்துட்டு, அப்புறம் அங்க விட்டுடலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு மெதுவாகப் புரண்டு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் ஆச்சரியம் இல்லை. முன்பே தெரிந்திருக்கும் போலிருக்கிறது. மே மாதம் போனில் அழுதபோது நான் கதவைக்கூடச் சாத்தவில்லை.

இடது கையால் படுக்கையைத் தட்டினார். நான் வழக்கம்போல வலது பக்கம் சுற்றிப் போனேன். வேண்டாம் என்று தலையை அசைத்து, இடது பக்கத்தை மறுபடியும் தட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த எட்டு மாதமும் நான் அவருடைய வலது பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். பலமில்லாத பக்கம், தாங்கிப் பிடிக்க வேண்டிய பக்கம். அந்தக் கையைத்தான் பிடித்தேன், அந்தத் தோளில்தான் சாய்ந்தேன். ஒருமுறை ரொம்ப முடியாமல் போனபோது அந்த உள்ளங்கையில் முகத்தை வைத்து அழுதிருக்கிறேன். அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாரே என்று மனதுக்குள் குறைபட்டிருக்கிறேன். அவருக்குத் தெரிந்தே இருக்காது.

இடது பக்கம் படுத்துக்கொண்டேன். என் தலைமுடியைக் கோதினார். மத்தியானம் முழுக்க அப்படியே கிடந்தோம். இதற்குமேல் எழுத மாட்டேன்.

சாயங்காலம் கப்பல் வைஃபை இணைப்பில் நவநீதனைக் கூப்பிட்டேன். கை வெந்ததையும் அது எப்படி நடந்தது என்பதையும் சொன்னேன். "இதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றான். குரல் உடைந்திருந்தது.

"அந்த ரூம்ல ரெண்டு பேரு தங்கலாமான்னு கேளு."

"ரெண்டு பேரா? நீயுமா?"

"நானுந்தான்."

"அப்பாவை அங்க சேர்த்துட்டு நீ என்கூட சிங்கப்பூர்ல இருக்கறேன்னு சொன்னியேம்மா."

"சொன்னேன். இப்ப இல்லை. அங்க தூக்கி விட, குளிக்க வைக்க ஆளு இருக்கும். அவங்க வலது பக்கம் புடிச்சுக்கட்டும். நான் இடது பக்கம் உட்கார்ந்துக்கறேன்."

"வீடு?"

"பூட்டி வெச்சா ஓடியா போயிரும்?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

ராத்திரிக்கு ரசம் சோறு, ஒரு கிண்ணம். நான் ஊட்டவில்லை. இடது கையால் அவரே சாப்பிட்டார். பாதி மேலே சிந்தியது.

செப்டம்பர் 14, வியாழன். சிங்கப்பூர்.

நவநீதன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் தூங்குகிறார். துறைமுகத்தில் அவருடைய கட்டைப் பார்த்ததும் நவநீதன் குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். இவர் இடது கையால் அவன் தலையில் தட்டினார், வண்டியை எடு என்கிறமாதிரி. ஹோமில் இரண்டு பேர் தங்கும் அறை தோட்டத்துப் பக்கம் ஒன்று இருக்கிறதாம். அடுத்த மாதம் காலியாகும். சரி என்றேன்.

காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பிசியோதெரபி பெண்ணுக்காக அல்ல.

பெட்டிகளை வெளியே வைத்தாகிவிட்டது. கூப்பிடுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். குளித்துவிட்டுப் போகலாமென்று தோன்றியது. இந்தப் பயணத்தில் நான் ஒரு நாளும் ஒழுங்காகக் குளிக்கவில்லை. துண்டை எடுத்தவள், நின்றேன். அவருடைய சக்கர நாற்காலியைக் குளியலறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்தேன். இடது பக்கம் ஷவருக்கு எட்டுகிறமாதிரி நாற்காலியைத் திருப்பினேன்.

"எனக்குத் தண்ணி வெளாவித் தர்றீங்களா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கண்ணில் பயம்.

"இந்தக் கையில பாருங்க. இதுக்குத் தெரியுமில்லைங்க?" என்று அவருடைய இடது கையை எடுத்துக் குமிழில் வைத்தேன்.

கொஞ்சமாகத் திருகினார். விரல் நுனியைத் தண்ணீரில் நீட்டி உடனே இழுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், புறங்கையில் விட்டுப் பார்த்தார். குமிழைப் பின்னால் கொண்டுவந்தார், சற்று முன்னால் தள்ளினார், திரும்பவும் பின்னால். ஒலிபெருக்கியில் எந்தத் தளத்துக்காரர்களையோ இறங்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் உள்ளே போய் நின்றேன். அவர் நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு போதவில்லை. ஏறக்குறையப் பச்சைத்தண்ணீர்தான்.

"அளவா இருக்குதுங்க" என்றேன்.